பெருநாடியை எக்செலில் துடிக்க வைப்போம்

எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டின் தண்ணீர்ப் பம்ப் விட்டுவிட்டுத்தான் ஓடும். குழாயில் தண்ணீர் மட்டும் நிற்காமல் வரும். பம்புக்கு அருகில் காற்று அடைத்த சிறு தாங்கி ஒன்று இருக்கிறது. பம்ப் தள்ளும்போது அதற்குள் காற்று அமுங்கித் தண்ணீருக்கு இடம் கொடுக்கிறது. பம்ப் நின்றதும் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. இதயத்துக்குப் பெருநாடி செய்யும் உதவியும் இதுதான். நாடிகளின் நெகிழ்வைத் தீயணைப்புப் பம்பின் காற்றறையோடு ஆங்கிலேய அறிஞர் ஸ்டீபன் ஹேல்ஸ் 1733 இல் ஒப்பிட்டார். 1899 இல் ஜெர்மன் உடலியலாளர் ஒட்டோ பிராங்க் அதைக் கணிதமாக்கினார். காற்றறையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘விண்ட்கெஸ்ஸல்’ என்பதே இந்த மாதிரியுருவின் பெயர்.

உயர்தர வகையீடு மறந்துபோனவர்களும் பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும். ஆயத்த மென்பொருளில் மட்டும் தொடங்காதீர்கள். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்பது கண்ணில் பட வேண்டும்.

படி 1: எக்செல் தாளின் மேலே இரண்டு எண்களை எழுதுங்கள். தடை 1, விரிதிறன் 1.5. தடை என்பது சிறு நாடிகள் குருதியை வெளியே விடாமல் பிடிக்கும் அளவு. விரிதிறன் என்பது அமுக்கம் ஒரு மில்லிமீற்றர் இரசம் ஏறும்போது பெருநாடி எத்தனை மில்லிலீற்றர் குருதியைக் கூடுதலாக ஏற்கும் என்பது.

படி 2: முதல் நிரலில் நேரம், 0.01 செக்கன் இடைவெளியில். இரண்டாவதில் இதயம் தள்ளும் குருதி. ஒரு துடிப்புக்கு 0.8 செக்கன், அதாவது 80 நிரைகள். 70 மில்லிலீற்றரை 0.3 செக்கனில் தள்ளுவதாகக் கொண்டால் முதல் 30 நிரைகளுக்கு 233 (செக்கனுக்கு மில்லிலீற்றர்), மீதி 50க்குப் பூச்சியம். இந்த 80 நிரைகளைப் பத்துத் தடவை பிரதி செய்யுங்கள்.

படி 3: மூன்றாவது நிரல் அமுக்கம். 80 இல் தொடங்குங்கள். உள்ளே வருவது 233. வெளியேறுவது அமுக்கத்தைத் தடையால் வகுத்தால் கிடைப்பது, அதாவது 80. மிச்சம் 153. அதை விரிதிறனால் வகுத்தால் 102, 0.01 ஆல் பெருக்கினால் 1.02. ஆகவே அடுத்த நிரையில் 81.02. இதே சூத்திரத்தைக் கடைசி நிரைவரை இழுத்துவிடுங்கள். ஆயிலர் முறை என்பது இவ்வளவுதான். நேர இடைவெளியைப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள். பிழையும் கூடவே வளரும்.

படி 4: வரைபடம் போடுங்கள். முதல் சில துடிப்புகள் தடுமாறும். பிறகு 102க்கும் 73க்கும் இடையில் சீராக ஏறி இறங்கும்.

இப்போது விரிதிறனை 0.75 ஆக்குங்கள். முதுமையில் நாடி விறைப்பது இப்படித்தான். மேல் எண் 117க்கு ஏறுகிறது, கீழ் எண் 60க்கு இறங்குகிறது. சராசரி மட்டும் 87ஐ ஒட்டியே நிற்கிறது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது தடை. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நாடிவழி ஓடும் அலைகள், அவை திரும்பி வருவது எதுவும் இந்த மாதிரியுருவில் இல்லை. இதை வைத்து எவருடைய மருந்தையும் மாற்றக்கூடாது.

அம்மம்மாவின் கிளினிக் கொப்பியில் குருதியமுக்கம் 152/70 என்று எழுதியிருந்தது. கீழ் எண் நன்றாக இருக்கும்போது மேல் எண் மட்டும் ஏன் இவ்வளவு என்று அவர் கேட்டார். தடையை 1.25, விரிதிறனை 0.52 ஆக்கி, வரைபடத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். உச்சி 152, அடி 70.