இலைக்கு அடியில் இருப்பது பூச்சி அல்ல: சிற்றுண்ணிக்கு மருந்தடிப்பதில் நடக்கும் பிழைகள்

தை, மாசியில் கொழும்பில் மழை குறைந்து வெயில் ஏறும்போது பல்கனியில் இருக்கும் ரோசாவும் கத்தரியும் வெளிறத் தொடங்கும். உடனே தண்ணீரைக் கூட்டுவார்கள். சரிவராவிட்டால் கொஞ்சம் யூரியா. அதற்கும் மசியாவிட்டால் குசினியில் இருக்கும் கரப்பான் ஸ்பிறே. தண்ணீரால் பெரிய தீங்கு இல்லை, பயனும் இல்லை. மற்ற இரண்டும் நிலைமையை மோசமாக்கும். வெளிறிய இலை ஒன்றைப் பிடுங்கித் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் போதும். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

அங்கே இருப்பது பெரும்பாலும் சிற்றுண்ணி. எட்டுக் கால் கொண்டது, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு, பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கென்று விற்கும் மருந்துகளில் பல இதை அசைக்காது. வளர்ந்த ஒன்றின் நீளம் அரை மில்லிமீற்றர்தான். 30 பாகை வெப்பத்தில் முட்டை பொரித்து, வளர்ந்து, மறுபடி முட்டையிடத் தயாராவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஒரு பெண் சிற்றுண்ணி சுமார் 100 முட்டை இடும். கொழும்பில் பகல் வெப்பம் வருடம் முழுக்க 30ஐ ஒட்டியே நிற்பதால் "அடுத்த ஞாயிறு பார்ப்போம்" என்று விட்டால் ஒரு தலைமுறை கூடிவிடும்.

பார்க்காமல் மருந்து வாங்குவது

"அண்ணை, மிளகாய்க் கன்று இலை சுருளுது, ஒரு மருந்து தாங்கோ." வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படிக் கேட்டுத்தான் பாதி மருந்து விற்பனையாகிறது. கடைக்காரரும் கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவருக்குக் கன்று தெரியாதே.

மிளகாய் இலை சுருளுவதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. விளிம்புகள் மேல்நோக்கி மடிந்தால் பனிப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். விளிம்புகள் கீழ்நோக்கி மடிந்து இலை கவிழ்த்த தோணி மாதிரி ஆகி, காம்பு நீண்டு, குருத்து சிறுத்துத் தடித்தால் மஞ்சள் சிற்றுண்ணி. இது 0.2 மில்லிமீற்றர்தான், வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் "ஒன்றுமே இல்லையே, ஆனால் சுருளுதே" என்று புலம்புகிறோம். மூன்றாவது, வெண் ஈ கொண்டுவரும் வைரசு. இலை மஞ்சளித்துச் சுருங்கிக் கன்று குட்டையாகி நின்றுவிடும். வைரசுக்கு மருந்தே கிடையாது. பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. ஆக, மூன்றுக்கும் ஒரே போத்தலை அடித்தால் இரண்டில் காசும் போகும், கன்றும் போகும்.

ரோசா, கத்தரி, போஞ்சி, பப்பாசி, மரவள்ளி ஆகியவற்றில் வருவது பெரும்பாலும் சிலந்திச் சிற்றுண்ணி. இலையின் மேற்பக்கம் ஊசிமுனை அளவு வெளிர்ப் புள்ளிகள் விழுந்து, பிறகு முழு இலையும் செம்பு நிறமாகும். முற்றினால் இலைக்கும் காம்புக்கும் நடுவே மெல்லிய வலை தெரியும். வலை தெரிகிறது என்றால் பல நாள் பிந்திவிட்டோம்.

சந்தேகம் தீர்க்க ஒரு வெள்ளைத்தாள் போதும். தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சில புள்ளிகள் நகரும். அவற்றைப் பெருவிரலால் தேய்த்தால் பச்சை அல்லது செங்கபிலக் கோடு விழும். அதுதான் இலையை உறிஞ்சும் சிற்றுண்ணி. வேகமாக ஓடுவது ஒன்றிரண்டு இருந்தால் அவசரப்பட்டு நசுக்காதீர்கள். அது பெரும்பாலும் மற்றச் சிற்றுண்ணியைத் தின்னும் வேட்டைச் சிற்றுண்ணி. மஞ்சள் சிற்றுண்ணிக்கு இந்தத் தாள் உதவாது. பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் சுருளின் வடிவத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

கரப்பான் ஸ்பிறேயும் "எல்லாத்துக்குமான" மருந்தும்

வீட்டு ஸ்பிறேயில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் இலையைக் கருக்கும். அதைவிட மோசமான விளைவு பிறகு வரும். அதில் உள்ள பைரெத்ரொயிட் வகை மருந்து சிற்றுண்ணியைச் சரியாகக் கொல்லாது, ஆனால் அதைத் தின்னும் கறுத்தச் சிறு வண்டையும் வேட்டைச் சிற்றுண்ணியையும் துடைத்தெடுத்துவிடும். முதல் சில நாள் செடி தெளிந்தது போலத் தெரியும். பிறகு எதிரியில்லாத வீட்டில் சிற்றுண்ணி பல மடங்கு பெருகும். கார்பரில், இமிடாக்ளோபிரிட் போன்ற பூச்சி மருந்துகளுக்குப் பிறகும் இதே கதை நடப்பது விவசாயிகளுக்குப் பழக்கமான விஷயம். "மருந்தடித்தேன், கூடிவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் நம்புவேன்.

வேட்டைச் சிற்றுண்ணி என்பது கதை அல்ல. 1997இல் கற்பிட்டிப் பக்கம் தென்னைச் சிற்றுண்ணி முதலில் தெரிந்தபோது தேங்காயெல்லாம் தழும்பு விழுந்து சிறுத்தது. ஓங்கி வளர்ந்த தென்னைகளில் ஏறி மருந்தடித்துக் கட்டுப்படியாகாது. லுணுவிலையில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவகம் அதைத் தின்னும் வேறொரு சிற்றுண்ணியை வளர்த்துத் தோட்டங்களுக்குக் கொடுத்தது. நம் பல்கனியில் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்பவற்றை நாமே ஸ்பிறே அடித்துக் கொல்லுகிறோம்.

யூரியா பற்றி ஒரு வரி: தழைச்சத்து கூடக் கூட இலை இளசாகிச் சாறு கூடும், சிற்றுண்ணி அதில் இன்னும் வேகமாகப் பெருகும். நோய்ப்பட்ட செடிக்கு உரம் போடுவதை நிறுத்தி வையுங்கள்.

வெளிநாட்டு வீடியோ சொல்வது

கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வைத்து அதன் மேல் பூச்சாடியை வையுங்கள், ஈரப்பதன் கூடினால் சிற்றுண்ணி போய்விடும் என்று பல வீடியோக்களில் வரும். குளிர்நாட்டில் வீட்டுக்குள் ஹீற்றர் போட்டு உலர்ந்த காற்றில் செடி வளர்ப்பவர்களுக்கு அது பொருந்தலாம். கொழும்பில் அப்படித் தட்டில் தண்ணீர் நின்றால் முதலில் வருவது நுளம்பு, அடுத்து வருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அபராதமும் கட்டலாம், டெங்குவும் வரலாம். போதாக்குறைக்கு மஞ்சள் சிற்றுண்ணிக்கு ஈரமும் சூடும்தான் பிடிக்கும். மழைக்காலத்தில் மிளகாயும் கறிமிளகாயும் சுருளுவது அதனால்தான்.

இங்கே பார்க்க வேண்டியது வேறு. ஏசியின் வெளிப்பெட்டிக்கு முன்னால் பூச்சாடி இருக்கிறதா? நாள் முழுக்க அது ஊதும் சூட்டுக் காற்று, சிலந்திச் சிற்றுண்ணிக்கு மழையில்லாத கோடை. இரண்டடி தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். காலி வீதியை ஒட்டிய வீடுகளில் இலையில் தூசி படிந்துகொண்டே இருக்கும். தூசியும் சிற்றுண்ணிக்குச் சாதகம், வேட்டைக்காரருக்குப் பாதகம்.

இரண்டுக்கும் வைத்தியம் தண்ணீர்தான், வேருக்கு ஊற்றுவது இல்லை, இலைக்கு அடிப்பது. தொடர்மாடியில் இருப்பவர்கள் பூச்சாடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், மண் கொட்டாமல் ஒரு பொலித்தீன் பையால் சாடியின் வாயைத் தண்டோடு சேர்த்துக் கட்டி, சாடியைச் சரித்துப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தில் ஷவரைச் சற்று வேகமாக விடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு வாரம். சிலந்திச் சிற்றுண்ணி ஆரம்பத்தில் இருந்தால் இதோடு அடங்குவதுண்டு. முற்றிய இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், கூட்டெருக் குழியில் வேண்டாம்.

சவர்க்காரமும் வேப்பெண்ணெயும்: நல்லதுதான், ஆனால்

இயற்கை என்றால் எவ்வளவும் ஊற்றலாம் என்பது பெரிய பிழை. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கண் அளவில் ஊற்றி அடித்தால் இலையின் மெழுகுப் படை கரைந்து விளிம்பு கருகும். கடுமையில்லாத திரவச் சவர்க்காரம் லீற்றருக்கு 5 மில்லிக்கு மேல் வேண்டாம். வேப்பெண்ணெய் என்றால் லீற்றருக்கு 5 மில்லி, அதோடு எண்ணெயும் தண்ணீரும் கலக்க ஒன்றிரண்டு மில்லி சவர்க்காரம். முதலில் சவர்க்காரத்தையும் எண்ணெயையும் கொஞ்சம் தண்ணீரில் பால் நிறம் வரும்வரை அடித்துக் கலக்கி, பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். கலந்ததை அன்றே முடித்துவிட வேண்டும். இடையிடையே போத்தலைக் குலுக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் அடிபடும் செடி தனி எண்ணெயில் பொரியும்.

முழுச் செடிக்கும் அடிக்கும் முன் இரண்டு மூன்று இலையில் அடித்து ஒரு நாள் பொறுங்கள். வெயிலில் அடிக்காதீர்கள், மாலை ஐந்தரைக்குப் பிறகுதான். அந்த நேரத்தில் தேனீயும் கூட்டுக்குத் திரும்பியிருக்கும்.

மிக முக்கியமாக, இவை மேலே பட்டால் மட்டுமே கொல்லும். மேலிருந்து ஒரு தரம் அடித்துவிட்டு உள்ளே போய்விட்டால் அடிப்பக்கத்தில் இருப்பவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்பிறேயின் வாயை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடியிலிருந்து சொட்டும்வரை அடிக்க வேண்டும். முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். அவை பொரித்து வெளியே வந்தவை வளர்ந்து முட்டையிடுவதற்குள், அதாவது ஐந்தாறு நாளில் மறுபடி அடிக்க வேண்டும், அதற்குப் பிறகு இன்னொரு முறை. ஒரு முறை அடித்து "வேப்பெண்ணெய் வேலை செய்யாது" என்பவர்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

மஞ்சள் சிற்றுண்ணிக்குத் தண்ணீரில் கரைக்கும் கந்தகம் நன்றாகவே கேட்கும். ஆனால் வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை எரியும். எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தாலும் எரியும். பாகல், புடோல், பூசணி வகைகளுக்குக் கந்தகம் பல வேளை ஒத்துவராது.

புகையிலைத் தண்ணீரை ஊர் வைத்தியமாகச் சிலர் சொல்வார்கள். அதில் இருக்கும் நிக்கொட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் நஞ்சு. அதோடு புகையிலை வைரசு மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொற்றலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடை மருந்து என்று இறங்கினால்

தண்ணீரும் சவர்க்காரமும் கைவிட்ட பிறகுதான் இந்தக் கட்டம். வாங்குவது சிற்றுண்ணிக்கென்று எழுதிய மருந்தாக இருக்கட்டும். அபமெக்டின் போன்றவை இலைக்குள் ஊடுருவி அடிப்பக்கத்தையும் எட்டும், அதனால் பலன் தெரியும். பலன் தெரிகிறதென்று அதையே திரும்பத் திரும்ப அடித்தால் அதற்குப் பழகிய சிற்றுண்ணிகள்தான் மிஞ்சும். அடுத்த முறை வேறு வகைக்கு மாறுங்கள், வேறு பெயரில் வரும் அதே வகைக்கு அல்ல. போத்தலில் உள்ள மூலப்பொருளின் பெயரைப் பார்த்தால் தெரியும்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்த மருந்தைத்தான் விற்கலாம். லேபிள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. அந்தக் கடைசி எண்தான் வீட்டுத் தோட்டத்தில் அதிகம் மறந்துபோவது. காலையில் அடித்துவிட்டு மாலையில் சம்பலுக்கு மிளகாய் பறிக்கும் வீட்டில் மருந்தே வேண்டாம். "பெரிய போத்தல் விலை கூட, கொஞ்சம் சோடாப் போத்தலில் ஊற்றித் தரட்டா?" என்று கடையில் கேட்டால் தலையாட்டாதீர்கள். லேபிள் இல்லாத போத்தல், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தண்ணீர்ப் போத்தல்களோடு நிற்கும்.

பரணில் கிடக்கும் அப்பா காலத்துப் போத்தலையும் தொடாதீர்கள். டைமெதோயேட், ஃபென்தியன் இரண்டும் 2008க்கும் 2011க்கும் இடையில் இங்கே படிப்படியாகத் தடையானவை, எண்டோசல்பான் அதற்கும் முன்னர் 1998இல். திறக்காமல், கானுக்குள் ஊற்றாமல், எப்படிக் கையளிப்பது என்று விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேளுங்கள்.

அளப்பதற்குத் தனி மூடியோ கரண்டியோ வையுங்கள், அது குசினிக்குத் திரும்பக் கூடாது. முழுக்கைச் சட்டை, இறப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் பின்னேரம் கடற்காற்று வீசும்போது அடித்தால் மருந்து கீழ் வீட்டு அக்காவின் கொடியில் காயும் உடுப்பில்தான் விழும். காற்று அடங்கும்வரை பொறுங்கள், அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நுளம்புக் குடம்பிக்காகத் தாமரைச் சாடியில் கப்பி மீன் விட்டிருந்தால் அதை மூடியோ தள்ளியோ வைத்துவிட்டு அடியுங்கள். அபமெக்டின் மீனுக்குக் கடும் நஞ்சு.

மீதி வராத அளவு மட்டும் கரையுங்கள். பல்கனிக்கு அரை லீற்றரே பெரும்பாலும் தாராளம். தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டுச் சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 1990 அம்பியூலன்சை அழையுங்கள். போத்தலை லேபிளோடு கையில் கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியருக்குச் சிகிச்சை சுலபம்.

இனி வாங்கும் கன்றுகளைப் பற்றி. பத்தரமுல்லை, பெலவத்தைப் பக்கம் போய்ப் பூக்கன்று வாங்கினால் அங்கேயே இலையைத் திருப்பிப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டு வாரம் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். குருத்தெல்லாம் முடங்கிப் போன மிளகாய்க் கன்று ஒன்று ஏற்கெனவே வீட்டில் நின்றால் அதை மீட்க மினைக்கெட வேண்டாம். பையால் மூடி, வேரோடு பிடுங்கி, வாயைக் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்துச் சாடிகளின் இலைகளைப் பார்க்கத் தொடங்குங்கள்.