மலிவு விலை மின்சார ஸ்கூட்டர்: ஷோரூமுக்குப் போகும் முன்பே நடக்கும் தவறுகள்

சென்னையில் ஆபீஸ் போய்வர ஒரு லட்சத்துக்குள் கிடைக்கும் மின்சார ஸ்கூட்டர் போதுமா? தாராளமாகப் போதும். ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில் உங்கள் மீட்டரிலிருந்து ஒரு பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைத்தான் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். மாடல், கலர், ஆஃபர் எல்லாம் பார்த்து வாங்கிவிட்டு, டெலிவரி எடுத்த அன்று மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிடுகிறார்கள். அந்த ஒயர் சூடாகும், மழையில் நனையும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுக்குமாடி பார்க்கிங்கில் இருக்கும் பாயிண்ட் பெரும்பாலும் பொது மீட்டரில்தான் இருக்கும். அசோசியேஷனில் தகராறு வரும். அட்வான்ஸ் கட்டும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்தோடு தனி லைன் இழுக்க முடியுமா என்று பாருங்கள். வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனரிடமும் கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோகும் மாடல் இருக்கிறது. பேட்டரி ஒன்று சுமார் பத்து கிலோ, லிஃப்ட் இல்லாத வீட்டில் தினமும் தூக்க வேண்டும். அப்புறம், படுக்கும் அறையிலோ வாசலை அடைத்தாற்போலவோ சார்ஜ் போடவே கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த வண்டி தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால், அந்த விதிகள் முழுதாக அமலுக்கு வரும் முன், அதாவது 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்த தவறு, விளம்பரத்தில் போட்டிருக்கும் ரேஞ்சை, அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரத்தை, நம்புவது. 95 கி.மீ. என்பது சோதனைக்கூடத்துக் கணக்கு. சிக்னல், மேம்பாலம், பின்னால் ஓர் ஆள் என்று ஓட்டினால் 65 வரும். சில வருடங்களில் பேட்டரி தளர்ந்து 50-ஐ ஒட்டி நிற்கும். கடைசி 20 சதவீத சார்ஜில் பல வண்டிகள் வேகத்தைக் குறைத்துவிடும். அதையும் கழித்தால் 40. தாம்பரத்திலிருந்து கிண்டி போய்வர சுமார் 30 கி.மீ., அதற்கு இது சரி. உங்கள் தூரம் இதைவிட அதிகமென்றால் பெரிய பேட்டரிக்குப் போங்கள்.

'லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்' என்று விற்கும் வண்டிகளின் உச்ச வேகம் 25 கி.மீ., மோட்டார் 250 வாட். தெருமுனைக் கடைக்குப் போக நல்லது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே அந்த வேகத்தில் போவது ஆபத்து. வேகக் கட்டுப்பாட்டை எடுத்து 'திறந்து' தருகிறேன் என்று டீலர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படி மாற்றிய வண்டிக்கு அந்த விலக்கு கிடையாது; சட்டப்படி அது பதிவு செய்யாமல் ஓட்டும் வண்டி.

கரண்ட் செலவைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். தினம் 30 கி.மீ. ஓட்டினால் சுமார் ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 50, 60 யூனிட் கூடும். ஏற்கெனவே 450-ஐத் தொடும் வீடாக இருந்தால் மட்டும் கவனம்: 500-ஐத் தாண்டினால் கீழ் யூனிட்டுகளின் ரேட்டும் ஏறிவிடும்.

பேட்டரிக்கு ஐ.பி. 67 (தூசும் தண்ணீரும் புகாத தரம்) என்று போட்டிருப்பதைப் பார்த்து நவம்பர் மழையில் வேளச்சேரித் தண்ணீருக்குள் இறக்கிவிடாதீர்கள். அது புது பேட்டரியை ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை. அழுக்குத் தண்ணீரில் கனெக்டருக்கும் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்கும் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.