கெரிஸைத் துலக்கிக் கெடுக்காதீர்கள்

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை சும்மா இருக்காது. கெரிஸ் எனப்படும் பழைய ஜாவா குத்துவாள் ஒன்று வந்து சேர்ந்ததும் அதையும் பளிச்சென்று ஆக்கத் தோன்றும். பாதிக் கத்திகள் அழிவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

கெரிஸ் அலகின் கருமை அழுக்கல்ல. சாதாரண இரும்போடு நிக்கல் கலந்த இரும்பைச் சேர்த்து மடித்து மடித்து அடிப்பதால் உண்டாகும் கோலத்துக்குப் ‘பாமோர்’ என்று பெயர். எலுமிச்சைச் சாற்றில் கலந்த ஆர்சனிக் பட்டதும் இரும்பு கறுக்கும். நிக்கல் அடுக்கு வெளுப்பாகவே நிற்கும். உப்புத்தாள் துருவோடு இந்தக் கருமையையும் எடுத்துவிடும், அடுக்குகளையும் தேய்த்துவிடும். நான் பார்த்த ஒன்றில் கிரைண்டரே ஓட்டியிருந்தார்கள். கோலம் இருந்த இடத்தில் எவர்சில்வர் கரண்டிப் பளபளப்பு!

ஜாவா நாட்காட்டியின் முதல் மாதமான சூரோவில் கெரிஸ்களைக் கழுவும் சடங்கு அங்கே உண்டு. இளநீரில் ஊறவைத்து, எலுமிச்சையும் லெரக் காயும் தேய்த்துக் கழுவுவார்கள். லெரக் நம் பூந்திக்கொட்டையின் உறவு மரம். கடை ஆசிட்டுக்கு இந்தப் பொறுமை கிடையாது, அது அலகையே தின்னும். லேசான துரு என்றால் எண்ணெய் தடவி ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் மெல்லச் சுரண்டினாலே போதும். ஆர்சனிக் பூச்சை வீட்டில் முயலவே வேண்டாம், அது விஷம். பழைய அலகைத் தொட்டாலும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

பிடியை முறுக்கிப் பிடுங்குவது இன்னொரு தவறு. அதற்குள் செருகியிருக்கும் அலகின் காம்பு மெல்லியது, பல நேரம் துருவேறியும் இருக்கும். ஜாவா பிடி பெரும்பாலும் காம்பில் சுற்றிய துணியின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. மலாய்ப் பிடிகள் சிலவற்றில் குங்கிலியப் பிசின் இருக்கும். அலகை லேசாகச் சூடாக்கினால் இளகும். அசையாவிட்டால் விட்டுவிடுங்கள்.

செதுக்கு வேலை உள்ள உறையில் வார்னிஷ் அடித்தால் பள்ளங்கள் அடைந்து செதுக்கல் மழுங்கிவிடும். உடைந்த துண்டை ஒட்ட உடனடிப் பசை வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. தச்சர்களின் வச்சிரப் பசை ஈரத்திலும் சூட்டிலும் இளகும், தப்பாக ஒட்டினாலும் திருத்தலாம். அலகில் எண்ணெய் வழிய வழியப் பூசி உறையில் போடுவதும் கூடாது. மரம் அதைக் குடித்துவிடும்.

அடையாளம் காண்பதில் முதல் சறுக்கல் உறையைப் பார்த்து அலகின் வயதைச் சொல்வது. கெரிஸ் கைமாறும்போது பிடியும் உறையும் மாறுவது வழக்கம். அலகு தாத்தா, உறை பேரன். ஓடம் போன்ற ‘லட்ராங்’ உறை சடங்குக்கு, உருண்டையான ‘காயாமான்’ அன்றாடத்துக்கு என்று ஜாவாவில் ஒரே அலகுக்கு இரண்டு உறைகள்கூட இருக்கும். அலகின் நெளிவளைவுகளை எண்ணினால் ஒற்றைப்படையில் வர வேண்டும், இரட்டை வந்தால் மறுபடி எண்ணுங்கள். ஆனால் அந்த எண்ணிக்கை வயதைச் சொல்லாது. வளைவே இல்லாத நேர் கெரிஸும் ஏராளம். ‘விண்கல் இரும்பு’ என்ற விற்பனைப் பேச்சையும் நம்ப வேண்டாம். ஜாவாவின் பிரம்பானான் அருகே விழுந்த விண்கல் அங்குள்ள சூரகர்த்தா அரண்மனைக் கொல்லர்களுக்குக் கிடைத்தது உண்மை. மற்றபடி சுலாவெசித் தீவின் லூவு பகுதியிலிருந்து வந்த நிக்கல் இரும்பையும், பிற்காலத்தில் ஐரோப்பிய நிக்கலையும்தான் கொல்லர்கள் அதிகம் பயன்படுத்தினார்கள்.

டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட ஜாவா இளவரசர் திபொநெகோரோவின் கெரிஸே நெதர்லாந்து அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் எதுவென்று தெரியாமல் கிடந்தது. ஓவியர் ராடன் சாலே எழுதிவைத்த குறிப்பும், அலகில் மிஞ்சியிருந்த பொன்பூச்சுத் தடயமும் அதை அடையாளம் காண உதவின. 2020 மார்ச்சில் அது இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. அதன் பிறகும் ‘இது அதுதானா’ என்று கெரிஸ் அறிந்தவர்கள் வாதாடினார்கள். இடையில் யாராவது ஒரு நல்ல மனிதர் அதை உப்புத்தாளால் துலக்கியிருந்தால், வாதாடுவதற்கு அந்தப் பொன் தடயம்கூட மிஞ்சியிருக்காது.