40 வீட்டுக்கு ஒரு முற்றம்: சென்னை அடுக்குமாடியில் பொது இடம் அமைப்பது எப்படி

சென்னையில் புது அடுக்குமாடிக்கு விளம்பரம் வந்தால் ஜிம், பார்ட்டி ஹால், இண்டோர் கேம்ஸ் என்று ஒரு பட்டியல் கண்டிப்பாக இருக்கும். குடிவந்து மூன்று வருடம் ஆனதும் ஜிம் பூட்டிக் கிடக்கும், பார்ட்டி ஹாலில் உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருக்கும், எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. குறை மனிதர்களிடம் இல்லை, பிளானில் இருக்கிறது. பால் வாங்கவும் குப்பை கொட்டவும் பள்ளி வேனுக்குப் பிள்ளையை அனுப்பவும் போகிற வழியில் இல்லாத பொது இடம் எதுவும் நிலைக்காது. அதனால் முற்றத்தை முதலில் வரைய வேண்டும், வீடுகளை அதைச் சுற்றி வைக்க வேண்டும். பெரும்பாலான பிளான்களில் இது தலைகீழாக நடக்கிறது.

நவி மும்பை பேலாப்பூரில் 1980-களில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கோரியா வடிவமைத்த குடியிருப்பு இதற்கு நல்ல பாடம். ஏழு வீடு சேர்ந்து 8 மீட்டருக்கு 8 மீட்டரில் ஒரு முற்றம். அப்படி மூன்று கொத்து சேர்ந்த 21 வீட்டுக்கு அதைவிடப் பெரிதாக இன்னொன்று. அவை தாழ்ந்த தனி வீடுகள், நம் ஊர் மனை விலையில் அப்படியே கட்ட முடியாது. ஆனாலும் சிறு கொத்து, அதற்கென்று ஒரு வெளி என்ற கணக்கை அடுக்குமாடிக்கும் கொண்டுவரலாம்.

இடம் இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது

10 கிரவுண்ட் மனையை எடுத்துக்கொள்வோம். 120 அடி அகலம், 200 அடி நீளம், 24,000 சதுர அடி. நீளம் வடக்கு தெற்காக, சாலை தெற்கில். எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு, 2 என்றால் 48,000 சதுர அடி கட்டலாம். பொதுப் பங்கு சேர்த்து வீட்டுக்கு 1,200 சதுர அடி வைத்தால் 40 வீடு. ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் நிற்கும், கார் நிறுத்தும் தரைத்தளம்) மேல் 5 மாடி போனால் மாடிக்கு 9,600 சதுர அடி. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் உயரமான கட்டடம் என்ற வகை 18.3 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது, அந்த வரம்புக்குள் இதை முடித்துவிடலாம். கட்டடம் மனையில் 40 சதவீதத்தை மட்டும் மூடுகிறது. மீதி 14,400 சதுர அடி வெறும் தரை.

இந்த 14,400 எங்கே போகிறது? வழக்கமான பிளானில் கட்டடம் நடுவில் ஒரே கட்டியாக நிற்கும், சுற்றிலும் யாருக்கும் பயன்படாத சந்து ஓடும். சந்தில் ஏசி அவுட்டோர் யூனிட்டும் டிரெயினேஜ் மூடிகளும். கட்டடத்தை இரண்டாகப் பிளந்தால் அதே தரை முற்றமாகிவிடும். மேற்கிலும் கிழக்கிலும் 32 அடி ஆழம், 150 அடி நீளத்தில் ஒவ்வொரு பிளாக். நடுவே 33 அடி அகல முற்றம். இரு பக்கமும் மனை எல்லையிலிருந்து 11½ அடி காலியாக விடும் செட்பேக். உயரத்துக்கும் சாலை அகலத்துக்கும் ஏற்ப செட்பேக் கூடுதலாகத் தேவைப்பட்டால் பிளாக்கின் ஆழத்தைக் குறையுங்கள், முற்றத்தில் கை வைக்காதீர்கள். 26 அடிக்குக் கீழே போனால் எதிர்வீட்டு டிவி நம் வீட்டில் கேட்கும், ஜன்னல்கள் நிரந்தரமாகத் திரை போட்டுக்கொள்ளும்.

பிளாக்குகளை ஏன் கிழக்கு மேற்காக நிறுத்துகிறோம்? சென்னைக் கோடையில் முற்றத்துக்கு ஆள் வரும் நேரம் மாலை. மே மாத நடுவில் பிற்பகல் 3 மணிக்கு, 18 மீட்டர் உயர மேற்கு பிளாக்கின் நிழல் கிழக்கே சுமார் 16 மீட்டர் நீளும். முற்றமோ 10 மீட்டர்தான். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும்போது தரை முழுக்க நிழல். கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும், அதை மறிப்பது கிழக்கு பிளாக். எனவே அந்தப் பிளாக்கின் நடுவில் படிக்கட்டு வரும் பகுதியைச் சுவரால் அடைக்காமல், துளைகள் வழியே காற்றுப் புகும் ஜாலியோடு விடுங்கள். ஸ்டில்ட்டின் கிழக்குப் பக்கத்தையும் அடைக்க வேண்டாம். ‘திருட்டு பயம்’ என்று அசோசியேஷன் பிறகு தகரம் அடிக்கக் கிளம்பும், ஆகவே முதலிலேயே கம்பி வலை போட்டுக் கொடுத்துவிடுவது நல்லது. மேற்கு பிளாக்கின் வெளிச்சுவர் நன்றாகச் சுடும். பாத்ரூம், யுட்டிலிட்டி, அலமாரிச் சுவர் எல்லாம் அங்கே போகட்டும்.

காரை வெளியே நிறுத்தும் கணக்கு

முற்றத்தைக் கொல்வது கார். முதல் வருடம் விருந்தாளி கார் ஒன்று நிற்கும், மூன்றாம் வருடம் வெள்ளைக் கோடு போட்டு நம்பர் எழுதியிருக்கும். இதைப் பலகை வைத்துத் தடுக்க முடியாது, தரை அமைப்பால்தான் தடுக்க முடியும்.

கார் பாதையை வெளிப்பக்கச் செட்பேக்கில் ஓட்டுங்கள். செங்குத்தாகத் திரும்பி நிறுத்த சுமார் 20 அடி பாதை வேண்டும். செட்பேக் 11½ அடி, ஸ்டில்ட்டுக்குள் 8½ அடி எடுத்தால் அது கிடைக்கும். அடுத்து கார் நிற்க 16½ அடி. 32 அடியில் மீதி 7 அடி முற்றத்தைப் பார்த்த தாழ்வாரமாகிவிடும். காருக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் 3½ அடி உயர ஜாலிச் சுவர். லிஃப்ட், தூண் எல்லாம் கழித்து ஒரு பிளாக்குக்கு 14 கார், இரண்டுக்கும் 28. மிச்சம் 12 காருக்கு வடக்கு முனையில் வானம் பார்த்த இடத்தில் ஆறு தடத்துக்கு இரண்டடுக்கு ஸ்டேக் பார்க்கிங். ஸ்டில்ட்டுக்குள் ஸ்டேக் வைத்தால் கூரை உயரத்தைக் கூட்ட வேண்டும், அது 18.3 மீட்டர் கணக்கைக் கெடுக்கும். இதற்கு மேலும் கார் வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

முற்றத்தின் தரை, கார் பாதையைவிட 6 அங்குலம் உயரமாக இருக்கட்டும். நுழைவில் கழற்றக்கூடிய இரும்புக் கம்பங்கள் போதும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரும்போது வாட்ச்மேன் கழற்ற வேண்டும், சாவி அவர் அறையிலேயே தொங்கட்டும். முற்றத்துக்கு அடியில் பேஸ்மென்ட் எடுக்கவே வேண்டாம். சிமென்ட் பலகையின் மேல் மண் கொட்டி வைத்த மரம் தொட்டிச் செடி அளவோடு நின்றுவிடும்.

வாசலில் ஒன்றரை அடி

மாடிக்கு ஒரு பிளாக்கில் நான்கு வீடு, ஒரு படிக்கட்டுக்கு 20 வீடு. முகம் தெரிந்து பழக இதுவே மேல் வரம்பு என்று வைத்துக்கொள்ளலாம். வீடுகளுக்குப் போகும் வழி, நடுவில் இருட்டாக ஓடும் காரிடாராக இல்லாமல், முற்றத்தைப் பார்த்த திறந்த தாழ்வாரமாக 6 அடி அகலத்தில் இருக்கட்டும். 4 அடியில் ஒருவரை ஒருவர் கடந்து போகலாம், நின்று பேச முடியாது. 6 அடியில் இருவர் நின்று பேசும்போதே மூன்றாமவர் காய்கறிப் பையோடு போய்விடுவார். தாழ்வாரக் கம்பிகள் செங்குத்தாக, 4 அங்குலத்துக்குக் குறைந்த இடைவெளியில் இருக்க வேண்டும். படுக்கைக் கம்பி வைத்தால் குழந்தை ஏறும்.

கதவருகே சுவரை ஒன்றரை அடி உள்வாங்கி ஒரு மாடம் விடுங்கள். அதில் 16 அங்குல உயரத்தில் கல் திண்ணை, அடியில் செருப்பு. இந்த மாடம் இல்லாத இடத்தில் 40 வீட்டுக்காரர்களும் 40 விதமான ஷூ ரேக் வாங்கி வழியில் வைப்பார்கள், அதுவே முதல் சண்டை. திண்ணை கட்டாயம் சுவருக்குள் உள்வாங்கியே இருக்க வேண்டும், வெளியே நீட்டினால் தீ விபத்தில் தப்பிக்கும் வழியின் அகலம் குறையும். வாசலில் 3 அடிக்கு 3 அடி மட்டும் சொரசொரப்பான கல் பதியுங்கள். பளபளக்கும் டைல்ஸில் கோலப்பொடி ஒட்டாது, ஈரம் பட்டால் வழுக்கும். செலவு சொற்பம், விளைவு பெரிது. காலையில் வாசலில் குனிந்து நிற்கும் பத்து நிமிடத்தில்தான் அக்கம்பக்கம் பேச்சே தொடங்குகிறது.

சமையலறை ஜன்னல் தாழ்வாரத்தையும் முற்றத்தையும் பார்க்கட்டும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பிள்ளை விளையாடுவதைப் பார்க்க முடிகிற வீட்டில் சிசிடிவி இரண்டாம் பட்சம். புகைக்குழாயை மட்டும் ஷாஃப்ட் வழியாக மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோய்விடுங்கள். (கருவாடு வறுக்கும் நாளில் யார் வீடு என்று எல்லாருக்கும் தெரியத்தான் செய்யும்.) படுக்கையறை ஜன்னல் தாழ்வாரத்தில் திறக்கவே கூடாது. பால்கனி என்றால் குறைந்தது 5 அடி ஆழம். 3 அடி பால்கனியில் நாற்காலி போட்டால் கால் நீட்ட முடியாது, ஆறு மாதத்தில் அது துணிக்கொடியாகிவிடும். துணிக்கும் ஏசி யூனிட்டுக்கும் வெளிப்புறத்தில் தனி யுட்டிலிட்டி கொடுங்கள். 40 யூனிட் முற்றத்துக்குள் சூடு ஊதினால் மாலை நிழல் கிடைத்தும் பயன் இல்லை.

டென்மார்க் வடிவமைப்பாளர் யான் கெல் ஐந்தாம் மாடிக்கு மேல் தரையோடு உறவு அறுந்துவிடும் என்பார். நம் பிளானில் கடைசி மாடி அந்த எல்லையில் நிற்கிறது, அதனால் முதியவர்கள் உள்ள குடும்பங்களுக்குக் கீழ் மாடிகளை முன்கூட்டியே ஒதுக்குவது நல்லது.

முற்றத்தின் தரை

சென்னையில் சாலை மறுபடி மறுபடி உயரும். தரைமட்டம் சாலையைவிட 2 அடி உயரமாக இருக்கட்டும். சக்கர நாற்காலிக்கு 1:12 சாய்வு என்றால் அதற்கு 24 அடி நீளச் சாய்தளம் வேண்டும். இதை முதல் வரைபடத்திலேயே ஒதுக்காவிட்டால் கடைசியில் யாரும் ஏற முடியாத செங்குத்துச் சாய்வு ஒன்று ஒட்டவைக்கப்படும்.

பேவர் பிளாக்கை மணல் மேல் பதிக்க வேண்டும். கான்ட்ராக்டர் ‘உட்காராமல் இருக்கும்’ என்று அடியில் கான்கிரீட் போட்டுவிடுவார், பிறகு ஒரு சொட்டு நீரும் இறங்காது. பதிக்கும் நாளில் நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. முற்றத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணாகவே இருக்கட்டும்.

மழைநீர்க் கணக்கையும் போட்டுவிடுங்கள். 9,600 சதுர அடி, அதாவது சுமார் 890 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 44,500 லிட்டர். 4 அடி விட்டம், 16 அடி ஆழ உறைகிணறு ஒன்றில் சுமார் 5,700 லிட்டர்தான் பிடிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணல்பாங்கான பகுதியில் நீர் வேகமாக இறங்குவதால் மூன்று நான்கு கிணறு சமாளிக்கும். களிமண்ணில் அது நடக்காது, முதல் தண்ணீரை வடிகட்டி சம்ப்புக்கு அனுப்பி, நிரம்பி வழிவதைத்தான் கிணற்றுக்கு விட வேண்டும். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஆனால் விதிக்காகக் கட்டிய தொட்டியும் வேலை செய்கிற தொட்டியும் வேறு வேறு. மூடி இறுக்கமாக, காற்றுக்குழாயில் கொசுவலை. மாலையில் கொசு கடித்தால் எந்தத் திண்ணையிலும் யாரும் உட்கார மாட்டார்கள்.

மரத்துக்குப் புங்கை, மகிழம், பூவரசு. குழி 5 அடி ஆழ அகலம். குல்மொகர் வேண்டாம். வேர் ஆழம் போகாது, கிளை முறியும், 2016 டிசம்பர் வர்தா புயலில் ஊரெங்கும் சாய்ந்து கிடந்தது. இருக்கைகளை நடுவில் தீவு மாதிரி வைக்காமல் ஓரத்தில், முதுகுக்குச் சுவரோ தூணோ இருக்கும்படி வையுங்கள். முதல் மாடிப் படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் வைத்தால் இரவு ஒன்பது மணிப் பேச்சு புகாராக மாறும். விளக்கு 10 அடிக் கம்பத்தில் மஞ்சள் ஒளியாக, கீழ்நோக்கி. ஃபிளட் லைட் போட்டால் எல்லா வீட்டிலும் திரை இழுபடும். கிரிக்கெட்டைத் தடை செய்வது வீண் வேலை. கிழக்கு பிளாக்குக்கும் மனையின் முனைக்கும் நடுவே வலை கட்டி 10 அடி அகலத்தில் ஒரு தடம் கொடுத்துவிடுங்கள்.

தெருவுக்கும் கொஞ்சம்

பொது அறையைச் சாலைப் பக்கத் தரைத்தளத்தில், 500 சதுர அடியில், முற்றத்துக்கு ஒரு கதவும் தெருவுக்கு ஒரு கதவும் வைத்துக் கட்டுங்கள். மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம், மற்ற நேரம் பெரியவர்கள் பேப்பர் படிக்க. வாடகையில் பராமரிப்புச் செலவு கொஞ்சம் குறையும். மதில் 4 அடி வரை சுவர், மேலே கம்பி. வாசலுக்கு வெளியே ஒரு கல் பெஞ்சு. இஸ்திரி வண்டிக்கு 7 அடிக்கு 8 அடியில் நிழலான ஒரு மாடம், பக்கத்தில் குழாய். வாட்ச்மேன், டிரைவர், வீட்டு வேலைக்கு வருபவர்களுக்குத் தரைத்தளத்தில் கழிவறை, ஆண் பெண் தனித்தனியாக. இதை விட்டுவிட்டு ‘சமூகக் குடியிருப்பு’ என்று பெயர் வைப்பதில் அர்த்தமில்லை.

3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் 10 சதவீதத்தைப் பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கான ஓஎஸ்ஆர் (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமாக விட வேண்டும். 10,000 வரை நிலத்துக்குப் பதில் பணம் கட்ட வழி உண்டு, அதற்கு மேல் நிலமேதான். பணம் கட்டித் தப்பிக்காதீர்கள். நிலத்தைப் பின்மூலையில் தள்ளாமல் சாலையோரம் விட்டால் அக்கம்பக்கத் தெருவுக்கும் பூங்கா கிடைக்கும், உங்கள் வாசலும் விரியும். நம் 10 கிரவுண்ட் சுமார் 2,230 சதுர மீட்டர்தான், யாரும் கேட்க மாட்டார்கள்.

மொட்டை மாடிக்கு லிஃப்ட் போக வேண்டும். கடைசி மாடியோடு நின்றால் வடகம் காயப்போட முதியவர்கள் ஏற மாட்டார்கள், கதவுக்குப் பூட்டு விழும். கைப்பிடிச் சுவர் 4 அடி. சோலார் பேனலைத் தரையோடு பதிக்காமல் 8 அடி உயரச் சட்டத்தில் ஏற்றினால் அடியில் பந்தல் நிழல்.

கடைசியாகப் பத்திரம். முற்றத்தின் நீள அகலத்தை அனுமதி வரைபடத்திலும் விற்பனைப் பத்திரத்திலும் அளவோடு பொதுப் பகுதி என்று எழுதுங்கள், அங்கே வாகனம் நிறுத்தும் உரிமை யாருக்கும் விற்கப்படவில்லை என்ற வரியும் சேர்த்து. பில்டர் சாவியைக் கொடுக்கும் முன்பே இந்த வரி இருக்கிறதா என்று வக்கீல் பார்த்துவிட வேண்டும். குடிவந்த பிறகு 40 வீட்டாரையும் கூட்டிக் கையெழுத்து வாங்கிச் சேர்ப்பது நடக்காத காரியம்.