பறவையைப் பாருங்கள், அப்புறம் புத்தகம்

பறவைப் புத்தகம் கையில் இருந்தால், பறவையைக் கண்டதும் பக்கம் புரட்டத்தான் தோன்றும். நிமிர்வதற்குள் அது பறந்துவிடும். புத்தகம் பைக்குள்ளேயே இருக்கட்டும். சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகு எப்படி? என்ன செய்கிறது? சிறு நோட்டில் குறித்துவிடுங்கள். 1941இல் வெளிவந்த, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூலும் இப்படித் தெரிந்த பறவைகளோடு ஒப்பிட்டுத்தான் அளவு சொல்கிறது.

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் காலையில் போனால், நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, சட்டென்று தலைகீழாகப் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி கண்ணில் படுகிறதா பாருங்கள். நெஞ்சில் இரண்டு கருப்புப் பட்டை என்றால் ஆண். ஒன்றுதான், அதுவும் நடுவில் விட்டிருந்தால் பெண். இந்தப் பட்டையை முதன்முதலாகப் பிரித்தறிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்!