மொட்டைமாடியிலிருந்து கரையோர நீரோட்டத்தை அளப்பது எப்படி?

சென்னை எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம் தெரியும்தானே? 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டேனிஷ் மாலுமிக்காகக் கட்டியது. அங்கே தண்ணீர் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளக்க நண்பன் வீட்டு நான்காவது மாடியும் ஒரு போனும் போதுமாக இருந்தது. கரையில் நின்றபடி ரேடியோ அலையால் கடல் நீரோட்டத்தை அளக்கும் கல்பாக்கம், கடலூர் எச்எஃப் ரேடார்கள் இருக்கின்றனவே என்பீர்கள். அவை தரும் வரைபடத்தில் ஒரு கட்டமே சில கிலோமீட்டர். அலை உடையும் பட்டை சாதாரண நாளில் நூறு மீட்டர் தாண்டாது.

முதலில் வீடியோ. போனை ட்ரைபாடில் இறுக்கி, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்து பத்து நிமிடம் எடுங்கள். காலையில் வேண்டாம், எதிர்வெயிலில் கடல் பளபளக்கும். மாலை நான்கு மணிதான் தோது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் விநாடிக்கு 2 படமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சாய்வான படத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் மாற்ற, ஓப்பன்சிவி என்ற படக் கணிப்பு நிரல்தொகுப்பில் ஹோமோகிராஃபி என்ற கணக்கு. குறைந்தது நான்கு புள்ளிகள் வேண்டும்; கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில், ஆனால் எந்த மூன்றும் ஒரே கோட்டில் இல்லாமல். நினைவுச்சின்னத்தின் உச்சியை ஒரு புள்ளியாக வைத்து ஒரு நாளை வீணடித்தேன். கரையில் கிடந்த ஃபைபர் படகை இன்னொன்றாக வைத்தேன், மறுநாள் அது தொழிலுக்குப் போய்விட்டது! தூரங்களை டேப் பிடித்து அளங்கள். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும்.

இனிதான் விஷயம். எல்லோரையும்போல நானும் நேராக பிஐவி (அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு நகர்வைக் கணக்கிடும் முறை) மென்பொருளில் போட்டேன். விநாடிக்கு 3 மீட்டர் என்றது. அந்த வேகத்தில் ஓடினால் எலியட்ஸில் யாரும் கால் நனைக்க முடியாது. அது அளந்தது நீரோட்டத்தை அல்ல, அலையை. ஒரு மீட்டர் ஆழத்தில் அலையின் வேகமே ஏறக்குறைய விநாடிக்கு 3.1 மீட்டர். நமக்கு வேண்டியது அலை போனபின் மிதந்து நிற்கும் நுரை.

அதனால் மேலிருந்து பார்ப்பதுபோல் மாற்றிய படங்களை இமேஜ்ஜே என்ற பட ஆய்வு மென்பொருளில் வரிசையாக ஏற்றி, அலை உடையும் இடத்தில் கரைக்கு இணையாக 40 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு ரீஸ்லைஸ் கொடுங்கள். குறுக்கே தூரம், கீழ்நோக்கி நேரம் என்று ஒரே படம் வரும். அதில் இரண்டு வகைக் கீற்றுகள் தெரியும். 10 டிகிரி சாய்ந்து வரும் அலை அந்தக் கோட்டை விநாடிக்கு 17 மீட்டருக்கு மேல் கடப்பதால் கிட்டத்தட்டப் படுத்த கோடாக விழும். அதை விட்டுவிடுங்கள். அதன் கீழே மெதுவாகச் சரிந்து இறங்கும் வெள்ளைத் தடம்தான் நுரை. எனக்கு 30 விநாடியில் 12 மீட்டர் வடக்கே போயிருந்தது: விநாடிக்கு 0.4 மீட்டர். ஜூலை மாதம், தென்மேற்குப் பருவம், எனவே வடக்குதான் சரி. டிசம்பரில் திசை தெற்கே திரும்பும்.

சரிபார்க்கக் குப்பத்துத் தம்பி ஒருவர் காலி இளநீர்க் கூட்டை நுரைக்குள் வீசினார், நான் மணலில் கூடவே நடந்தேன். 20 மீட்டருக்கு 46 விநாடி, கிட்டத்தட்ட அதே வேகம். நீங்கள் தண்ணீரில் இறங்கவேண்டாம்.

பின்சேர்க்கை: புதுப் போன் வாங்கியவர் ஒருவர், கடல் இரண்டு பக்கமும் ஓடுகிறது என்று எழுதியிருந்தார். ஆட்டத்தைச் சரிசெய்யப் படத்தை நகர்த்தும் வீடியோ ஸ்டெபிலைசேஷனை அவர் அணைக்கவில்லை. இதே கோட்டை நினைவுச்சின்னத்தின் மீது போட்டுப் பாருங்கள். அது நகர்ந்தால் கோளாறு போனில்.