தியேட்டரில் “தீ!” என்று கத்துவது: அமெரிக்கப் பேச்சுரிமை பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“கூட்டம் நிறைந்த தியேட்டரில் ‘தீ!’ என்று கத்த முடியுமா? பேச்சுரிமைக்கும் எல்லை உண்டு.” யாராவது இப்படிச் சொன்னதும் விவாதமே முடிந்துவிட்டது போல எல்லாரும் தலையாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் விட்டுவிட வேண்டிய வாக்கியம் இது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை விவாதத்தில் பயன்படுத்த மனம் வராது.

சொன்னவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், 1919இல். அந்த வழக்கில் தியேட்டரும் இல்லை, தீயும் இல்லை. பிலடெல்பியாவில் சோஷலிஸ்ட் கட்சிப் பொறுப்பில் இருந்த சார்ல்ஸ் ஷென்க், முதல் உலகப் போருக்குக் கட்டாயமாக ஆள் சேர்ப்பதை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் அனுப்பினார். அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தத்துக்கு இது விரோதம் என்பது அவர் வாதம். இதற்குத்தான் தண்டனை. அதை நீதிபதிகள் ஒருமனதாக உறுதி செய்தார்கள். அடுத்த வாரமே சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸின் முறை. ஓஹாயோ மாநிலத்துக் கேன்டன் ஊரில் போரை எதிர்த்துப் பேசிய ஒரு பேச்சுக்கு 10 ஆண்டு சிறை. அந்தத் தீர்ப்பை எழுதியவரும் ஹோம்ஸ்தான். டெப்ஸ் சிறையில் இருந்தபடியே 1920 அதிபர் தேர்தலில் நின்று 9 லட்சம் வாக்குகளுக்கு மேல் வாங்கினார்.

ஹோம்ஸ் எழுதியது “பொய்யாக” தீ என்று கத்துவதைப் பற்றி. மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தச் சொல்லையும் வழியில் தொலைத்துவிடுகிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவரே, இன்னொரு பிரசுர வழக்கில், பேச்சுரிமைக்கு ஆதரவாக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நீதிமன்றம் முழுசாக மாற இன்னும் 50 ஆண்டு ஆனது. 1969இல், வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் தலைவர் ஒருவரின் வழக்கில் வந்த பிராண்டன்பர்க் தீர்ப்புதான் இன்றைய அளவுகோல். உடனடியாகச் சட்டத்தை மீறத் தூண்டும் நோக்கம் இருக்க வேண்டும், அப்படி நடக்கக்கூடிய வாய்ப்பும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தூண்டிவிட்டதாகச் சொல்லி ஒருவரைத் தண்டிக்கலாம். தியேட்டர் உதாரணத்தைச் சொல்கிறவர், பிரசுரம் அனுப்பியவரைச் சிறைக்கு அனுப்பிய தீர்ப்பைத்தான் தனக்குத் துணைக்கு அழைக்கிறார். எனக்கு அது வேதனையாக இருக்கிறது.

அடுத்து, தினமும் கேட்கிற தவறு. கம்பெனி வேலையைவிட்டுத் தூக்கிவிட்டது, சமூக வலைத்தளம் கணக்கை முடக்கிவிட்டது, “என் அரசியலமைப்பு உரிமை போய்விட்டது” என்கிறார்கள். 1791இல் சேர்க்கப்பட்ட அந்தத் திருத்தம் “காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது” என்றுதான் தொடங்குகிறது. பிற்பாடு 14ஆம் திருத்தத்தின் வழியாக மாநில அரசுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. தனியார் அதற்குள் வருவதில்லை. 2021 ஜனவரியில் ட்விட்டர், டிரம்ப்பின் கணக்கை மூடியபோது முதலாம் திருத்தம் மீறப்படவில்லை. சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியரிடம் பேசியதற்காக ஒரு தனியார் முதலாளி பழிவாங்கினால் பொதுவாக அது சட்டவிரோதம்தான். ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தருவது 1935ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம். எந்தக் கதவைத் தட்டுவது என்பது மாறிப்போகிறது அல்லவா?

சரி, தனியாரைப் பின்னாலிருந்து அரசு மிரட்டினால்? அப்போது முதலாம் திருத்தம் வந்துவிடும். ஒரு கருத்தைத் தண்டிக்கும்படி மூன்றாவது ஆளை அரசு அதிகாரி நெருக்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. வழக்குப் போட்டது துப்பாக்கி வைத்திருப்போரின் சங்கம். அதற்காக நீதிமன்றத்தில் வாதாடியது, துப்பாக்கி விஷயத்தில் அந்தச் சங்கத்தோடு ஒத்துப்போகாத ஏ.சி.எல்.யூ. என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு. அந்த அமைப்பின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம்.

“வெறுப்புப் பேச்சுக்குப் பாதுகாப்பு கிடையாது” என்பது, இந்தியச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவைப் படிப்பதால் வரும் தவறு. நம் வரலாறே வேறு. சென்னை மாகாணத்துக்குள் ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் வரக் கூடாது என்று போட்ட தடையை 1950இல் நம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் இந்திய அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, பேச்சைக் கட்டுப்படுத்துவதற்கான காரணங்களைக் கூட்டியது. அதே “முதல் திருத்தம்” என்ற பெயர்தான், போன திசை எதிர்.

அமெரிக்காவில் வெறுப்புப் பேச்சு என்று தனியாக ஒரு விதிவிலக்கு இல்லை. ஈராக்கில் இறந்த ஒரு படைவீரரின் இறுதிச் சடங்கு நாளில், “இறந்த வீரர்களுக்காகக் கடவுளுக்கு நன்றி” என்ற அட்டையைப் பிடித்து நின்றது ஒரு சிறு சபை. வீரரின் தகப்பனார் வழக்குப் போட்டார். 2011இல் 8-க்கு 1 என்ற கணக்கில் சபைதான் ஜெயித்தது. அவர்கள் நின்றது பொது இடம், சடங்கு நடந்த தேவாலயத்திலிருந்து சுமார் 1,000 அடி தள்ளி, போலீஸுக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அந்தத் தகப்பனை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். எந்தத் துக்கத்தை யார் எவ்வளவு புண்படுத்தினார் என்று அளக்கும் அதிகாரம் அரசிடம் போனால், அடுத்த டெப்ஸ் யார் என்பதையும் அரசே முடிவு செய்யும். அதற்காக எல்லாப் பேச்சும் தப்பிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையான மிரட்டலுக்குப் பாதுகாப்பு இல்லை. ஒருவரைத் தாக்கிய குற்றத்துக்கு இனவெறி காரணமாக இருந்தால் தண்டனையைக் கூட்டலாம்.

பேசாமல் இருக்கும் உரிமையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சினிமாவில் பார்த்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும் என்று நினைக்கிறோம். மிச்சிகனில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கில் ஒருவர் போலீஸ் விசாரணையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பெரும்பாலும் பேசாமலே இருந்தார். கடைசியில், “சுட்டதற்காக மன்னிக்கும்படி கடவுளிடம் வேண்டுகிறாயா?” என்ற கேள்விக்கு “ஆமாம்” என்றார். அந்த ஒரு சொல் சாட்சியமாகச் செல்லும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. மௌன உரிமையைப் பயன்படுத்துவதாக வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டுமாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் சட்டம் இதுதான். “நான் பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நம் வீட்டுப் பிள்ளைகள் சம்பந்தப்பட்டது. “குடிமகன் இல்லையென்றால் பேச்சுரிமை இல்லை” என்பார்கள் சிலர். அமெரிக்காவில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் அந்த உரிமை உண்டு என்று 1945லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை மட்டும் நம்பி நிம்மதியாக இருப்பதும் தவறு, ஏனென்றால் விசா கொடுப்பதிலும் எடுப்பதிலும் அரசுக்குப் பரந்த அதிகாரம் இருக்கிறது. 2025இல் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களில் கலந்துகொண்ட வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசா ரத்தானது, சிலரைக் காவலிலும் வைத்தார்கள். அவை வழக்குகளாக நீதிமன்றம் போயின. மாநிலப் பல்கலைக்கழகம் முதலாம் திருத்தத்துக்குக் கட்டுப்பட்டது, தனியார் பல்கலைக்கழகம் அதன் சொந்த விதிகளுக்கு. சேரும்போதே அந்த விதிகளை வாங்கிப் படித்துவிடுங்கள். 2019 முதல் விசா விண்ணப்பத்தில் சமூக வலைத்தளக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025 ஜூனில், மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் அந்தக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொன்னார்கள். சிக்கல் வந்தால் அங்கே பத்து வருஷமாக இருக்கும் சித்தப்பாவிடம் யோசனை கேட்பதற்கு முன், ஒரு குடிவரவு வக்கீலைப் பாருங்கள்.